களையும் கதிரும்: மலையகத் திருச்சபையும் மெய்விசுவாசம் பற்றிய வினாவும்

1

தன்னுள் இருப்போரில் மெய்யாக நம்புவோர் யாவர், நம்புவார் போல் ஒழுகுவோர் யாவர் என்ற வினாவைச் சமய நிறுவனங்கள் யாவும் ஏதோ ஒரு காலத்தில் எழுப்பியே வந்துள்ளன. கிறிஸ்தவ திருச்சபையில் இவ்வினா சற்றுக் கூடுதலான கூர்மையுடன் எழுந்தமைக்குக் காரணம் உண்டு. பிறப்பு ஒன்றினாலேயே ஒருவர் அச்சபையின் உறுப்பினர் ஆவதில்லை. ஞானஸ்நானமும் விசுவாச அறிக்கையும் வேண்டப்படுகின்றன. வாயினால் அறிக்கையிட்டவர் அகத்தினாலும் ஏற்றவர்தாமோ என்ற ஐயம் இதனால் அச்சபையின் தொடக்கத்திலிருந்தே அதனுடன் கூடி வளர்ந்து வந்துள்ளது.

இவ்வினாவை எழுப்புவோர் யார், அது யாரை நோக்கி எழுப்பப்படுகின்றது என்பது ஆராயப்படவேண்டிய மற்றொரு வினா. மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இம்மற்றைய வினாவே முதன்மையானது என நாம் கருதுகின்றோம். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கொல்லை, பதுளை முதலிய பிரதேசங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிறிஸ்தவம் வேரூன்றியுள்ளது. இக்கால முழுவதும் 'நீ மெய்விசுவாசியா?' என்ற கேள்வி லயத்தில் வாழும் தொழிலாளியை நோக்கியே கேட்கப்பட்டது. அவன் சோற்றுக்காக மதம் மாறியவனா, வைத்தியத்திற்காக மாறியவனா, துரையின் தயவை நாடி மாறியவனா என்று ஆராயப்பட்டது. பங்களாவில் வாழ்ந்தவனிடம் அக்கேள்வி கேட்கப்பட்டதில்லை. அவனது விசுவாசம் ஐயத்துக்கு இடமற்ற ஒன்றாகக் கொள்ளப்பட்டது.

இக்கட்டுரையில் நாம் இறையியல் தீர்ப்பு எதனையும் வழங்க முற்படவில்லை. சமயம் முழுவதையும் பொய்ப் பிரக்ஞை என ஒரு வரியில் ஒதுக்கிவிடும் போக்கும் எமக்கு உடன்பாடன்று. அப்போக்கு முற்போக்கு அணியினரிடையே நெடுங்காலம் நிலவியது என்பதையும் மறுப்பதற்கில்லை. திருச்சபை தானே ஏற்றுக்கொண்ட அளவுகோலைக் கொண்டு மலையகத்தில் அதன் வரலாற்றை அளந்து பார்ப்பதே எமது நோக்கமாகும்.

2

வினாவின் பழமையை முதலில் நோக்குவோம். கி.பி. 303இல் உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் கிறிஸ்தவருக்கு எதிராகக் கொடிய அடக்குமுறையைத் தொடங்கினான். வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி ஆணை பிறந்தது. வட ஆபிரிக்காவில் குருமார் சிலர் அஞ்சி ஒப்படைத்தனர். மறுத்தோர் சிறையும் சாவும் எய்தினர். அடக்குமுறை நீங்கிய பின்னர், ஒப்படைத்தவர்களின் கையால் திருப்பணி பெற்றவர்களைக் குருமாராக ஏற்கலாமா என்ற பிரச்சினை எழுந்தது. கூடாதென்றோர் தொனாத்து என்ற ஆயரின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டனர். திருச்சபை தூயோரின் கூட்டமாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இதனை எதிர்த்து நின்றவர்களுள் தலையாயவர் புனித அகுஸ்தீன். கோதுமை வயலில் பகைவன் ஒருவன் இரவோடிரவாகக் களையை விதைத்துச் சென்ற உவமையை அவர் தம் பக்கத்துக்குச் சான்றாகக் கொண்டார். களையைப் பிடுங்கட்டுமா என்று ஏவலாளர் கேட்க, பிடுங்கினால் கதிரும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை இரண்டும் வளரட்டும் என்று வீட்டுத் தலைவன் தடுக்கின்றான். திருச்சபை கலப்பான ஒரு வயலே. பிரித்தெடுக்கும் வேலை மனிதருடையதன்று என்பது அகுஸ்தீனின் விளக்கம்.

விளக்கம் அழகியதே. ஆயினும் அதன் பின்விளைவு ஒன்று கவனிக்கத்தக்கது. 411இல் கார்த்தேச்சு நகரில் கூடிய மாநாட்டின் பின்னர் பேரரசின் சட்டமும் தண்டனையும் தொனாத்தியர் மீது பாய்ந்தன; அகுஸ்தீனும் அத்தகைய வற்புறுத்தலை நியாயப்படுத்தினார். இரண்டும் வளரட்டும் என்ற உவமையைச் சான்றாகக் காட்டியோரே அரசின் அரிவாளைத் துணைக்கு அழைத்தனர். தொனாத்தியரின் பலம் நுமிடியாவின் நாட்டுப்புற ஏழைகளிடையே இருந்தது என்றும், நிலவுடைமைக்கு எதிரான சமூக எதிர்ப்பு அவ்வியக்கத்தில் உறைந்திருந்தது என்றும் வரலாற்றாசிரியர் ஃபிரென்ட் 1952இல் வாதித்தார். அக்கருத்தை மறுத்தோரும் உண்டு. ஆனால் மெய்விசுவாசி யார் என்ற கேள்வி வெறும் ஆன்மிகக் கேள்வியாக ஒருபோதும் நின்றதில்லை என்பதும், நிலமும் அதிகாரமும் அதனுடன் பின்னிப் பிணைந்தே இருந்தன என்பதும் இவ்வரலாற்றிலிருந்து தெளிவாகும்.

3

இனி மலையகத்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த அம்மக்களில் எண்ணற்றோர் வழியிலேயே மடிந்தனர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் தோன்றி, அடுத்த இரு தசாப்தங்களில் அப்பயிரை அழித்தது. கோப்பி சென்று தேயிலை வந்தது. தொழிலாளியின் நிலை மாறவில்லை.

இத்தோட்டங்களில் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சேர்ச் மிஷனரி சங்கம் 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்பை நிறுவியது. தோட்டத் துரைமார் சிலரின் அழைப்பே இதன் தோற்றத்துக்குக் காரணம். செலவிலும் அவர்கள் கணிசமான பங்கை ஏற்றனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். தோட்டந்தோறும் நடந்து, அதிகாலையில் பெரட்டுக் களத்தில் கூடிநிற்கும் தொழிலாளர் முன்பும், மாலையில் லயங்களின் வாசலிலும் இவர்கள் போதித்தனர்.

மிஷனின் பெயரே விமரிசனத்துக்குரியது. 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும். அச்சொல் ஆங்கிலேயர் வாயில் உழைக்கும் மனிதனின் பெயராயிற்று. ஆன்மாக்களை மீட்க வந்த அமைப்பும் அம்மனிதனுக்கு வேறு பெயரை நாடவில்லை. சந்தையில் வழங்கிய பெயரையே ஏற்றுக்கொண்டது. 'கூலி' என்னும் சொல் அவ்வமைப்பின் பெயரிலிருந்து பின்னர் நீங்கியது என்பதும் உண்மையே. எனினும் ஒருவனை எப்பெயரால் அழைத்தார்கள் என்பது அவனை எவ்வாறு நோக்கினார்கள் என்பதற்குச் சான்றாகும்.

மிஷன் செய்த நற்பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எழுத்தறிவின் முதல் ஒளி பல தோட்டங்களுக்கு உபதேசியாரின் சிறு பள்ளிக்கூடத்தின் வழியாகவே வந்தது. ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரி மெதடிஸ்த மிஷன் பாடசாலையாகவே தோன்றியது. மலையகத்தின் படித்த தலைமுறைகள் பலவற்றை அது உருவாக்கியது. துரையின் பணத்தில் வந்த உபதேசியார் துரையின் கையாளாகவே இருந்தார் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. குளிரிலும் மழையிலும் மலையேறி, நோயுற்றோர் அருகில் அமர்ந்து, கடிதம் எழுதிக் கொடுத்து வாழ்ந்த எளிய மனிதர்கள் அவர்களுள் இருந்திருக்கவே செய்வர். எமது கேள்வி தனிமனிதரின் உள்ளம் பற்றியதன்று. அமைப்பின் நிலைப்பாடு பற்றியது.

4

தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி வெளியார் அதனுள் நுழைதல் அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. அப்படலை உபதேசியாருக்குத் திறந்தது. 1920களில் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்ட முற்பட்ட கோ. நடேசய்யருக்கு அது திறக்கவில்லை. தொழிலாளரின் நிலையை நேரிற் காண அவர் புடைவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைய வேண்டியதாயிற்று. அவரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையும் துண்டுப்பிரசுரங்களையும் பாட்டுக்களையும் தொழிலாளரிடம் கொண்டுசென்றனர்.

இவ்விரு நுழைவுகளையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. மறுமையைப் பற்றிய சொல்லுக்குத் திறந்த வாசல் கூலியைப் பற்றிய சொல்லுக்கு மூடப்பட்டது. துரைக்கு முதற்சொல் ஆபத்தாகத் தோன்றவில்லை. இரண்டாவது ஆபத்தாகத் தோன்றியது. ஆனால் கிறிஸ்தவ வேதநூலில் இவ்விரு சொற்களும் பிரிந்தா கிடக்கின்றன? கூலியாளின் ஊதியத்தைப் பிடித்துவைத்தோரைக் கடிந்துரைக்கும் தீர்க்கதரிசிகளின் குரல் பழைய ஏற்பாடெங்கும் ஒலிக்கின்றது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபமும் வயலறுத்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலியைப் பற்றிப் பேசுகின்றது. கங்காணியிடம் பட்ட கடன் தீராமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொழிலாளி மாறமுடியாதிருந்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை நடைமுறையில் இருந்தது. இத்தகைய வேதப்பகுதிகள் பெரட்டுக் களத்தில் துரையின் முன்னிலையில் விளக்கப்பட்டிருப்பின் படலை எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்பது ஊகிக்கக் கடினமானதன்று. அனுமதியுடன் நுழைந்த போதனை அவ்வனுமதிக்கு விலையும் கொடுத்தது. அவ்விலை அந்த மௌனமே.

துரைமாரின் வழிபாட்டிடங்கள் வேறாகவே அமைந்தன. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய வளவில், புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரோன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். இவ்வாலயங்களின் கல்லறைகளில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அதே மலைச்சரிவுகளில் உழைத்து மாண்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஒரே கடவுளைத் தொழுதவர்கள் இறப்பின் பின்னரும் ஒரே நிலத்தில் ஒருங்கே கிடக்கவில்லை.

5

பழி முழுவதையும் வெள்ளையர் மீது சுமத்திவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. திருச்சபைக்குள் பிரிவினையை வளர்த்ததில் தமிழருக்கும் பெரும்பங்குண்டு. சாதி என்பது தமிழ்க் கிறிஸ்தவம் தாயகத்திலிருந்தே சுமந்துவந்த பொதி. தஞ்சைத் திருச்சபையில் சாதிவேற்றுமையை மிஷனரிமார் ஒழிக்க முற்பட்டபோது, சுவிசேடக் கவிராயர் எனப் போற்றப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியாரே அதனை எதிர்த்து 1820களின் இறுதியில் எழுதினார். கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாதென ஆணையிட்டபோது பலர் சபையை விட்டு விலகி நின்றனர். திருநெல்வேலியின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இலேயே இடிக்கப்பட்டது.

மலையகத்துக்கு வந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கங்காணிமாரில் பலர் மேல்நிலைச் சாதியினர். தோட்ட அதிகாரமும் சாதி அதிகாரமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. லயங்கள்கூடச் சாதிவாரியாக ஒதுக்கப்பட்ட தோட்டங்கள் உண்டு. இந்நிலையில் ஒடுக்கப்பட்ட ஒருவன் ஞானஸ்நானம் பெற்றான் எனின், அவன் சோற்றை நாடினான் என்று ஏளனம் செய்தவர் யார்? பெரும்பாலும் அவனுக்குக் கிணற்றையும் கோயிலையும் மறுத்தவர்களே. அவன் நாடியது சோறாகவே இருப்பினும், பசித்தவன் சோற்றை நாடுவதில் பொய்ம்மை எதுவும் இல்லை. சோற்றுக்கும் மேலாக, தன்னைப் பெயர்சொல்லி அழைக்கும் ஒரு கூட்டத்தை அவன் நாடியிருக்கலாம். பசியையும் அவமானத்தையும் நீக்கி, எஞ்சிய 'தூய' காரணத்தை மட்டும் விசுவாசமெனக் கொள்வோமாயின், வயிறு நிறைந்தவனே மெய்விசுவாசியாதல் கூடும் என்ற விபரீத முடிவுக்கே வருவோம்.

கிறிஸ்தவ வேதநூலின் இறுதித் தீர்ப்புக் காட்சி இதற்கு நேர்மாறான அளவுகோலைத் தருகின்றது. அங்கு எந்த ஆலயத்தைச் சேர்ந்தாய், எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றாய் என்ற கேள்விகள் இல்லை. பசித்தவனுக்கு உணவும், ஆடையற்றவனுக்கு ஆடையும், சிறையிலிருந்தவனுக்குத் துணையும் ஆனாயா என்பதே கேள்வி. அங்கு பசித்திருப்பவன் சோதிக்கப்படவில்லை. அவனை வைத்து மற்றையோர் சோதிக்கப்படுகின்றனர். மேலும் அக்காட்சியில் நல்லோர் தாம் நல்லது செய்தோம் என்பதையே அறியாதவராய் நிற்கின்றனர். தம்மை மெய்விசுவாசியென அறிவித்துக்கொள்வோருக்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.

6

இலக்கியச் சான்றுகளுக்கு வருவோம். மலையகத் தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய நூலாகக் கருதப்படுவது 1869இல் வெளிவந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. இதன் ஆசிரியர் ஆபிரகாம் யோசேப் என்னும் கிறிஸ்தவர். கோப்பிச் செய்கையின் முறைகளை விளக்கும் இந்நூல் தோட்ட முயற்சியைப் போற்றி, தொழிலாளரை உழைப்புக்கும் பணிவுக்கும் அழைக்கின்றது. அது துரைமார் பக்கம் நின்று பாடப்பட்டது என்பது மலையக ஆய்வாளர் பலரின் கணிப்பு. வேலைசெய்யும் பெண்களின் கைகொட்டுக்கு உரிய கும்மி வடிவம் அவர்களிடம் வேலை வாங்குவோரின் குரலுக்குப் பயன்பட்டமை இலக்கிய மாணவர் கருத்தூன்றி நோக்கவேண்டிய செய்தி. ஆசிரியரின் விசுவாசம் உள்ளத்தளவில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவ்விசுவாசத்தின் கண்ணுக்குத் தோட்டம் புலப்பட்ட அளவுக்குத் தொழிலாளி புலப்படவில்லை.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து மற்றொரு யோசேப் எழுதத் தொடங்கினார். பதுளைக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றில் 1934இல் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப், 2022இல் மறையும் வரை மலையக இலக்கியத்தின் முதன்மையான குரல்களுள் ஒருவராக விளங்கினார். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல் 1974இலும், 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியான லயக் காம்பிராவில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருங்கே உறங்கவேண்டிய நிலை மனித உறவின் வரம்புகளையே எவ்வாறு சிதைக்கும் என்பதை அக்கதை காட்டுகின்றது. ஒழுக்கத்தைப் பற்றிய போதனைக்குப் பழகிய மனம் இத்தகைய நிகழ்ச்சியில் ஒரு பாவியைத் தேடும். ஜோசப் காம்பிராவின் அளவை எம்முன் வைக்கின்றார். அதைக் கட்டியவனையும், அதில் ஒரு குடும்பத்தை அடைத்தவனையும், அதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தும் பேசாதிருந்தவனையும் வாசகர் எண்ணிப்பார்க்க நேர்கின்றது.

சி. வி. வேலுப்பிள்ளையின் ஆக்கங்களும் இவ்வகையில் நோக்கத்தக்கன. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், 1954இல் வெளிவந்த தம் ஆங்கிலக் கவிதை நூலில் தேயிலைத் தோட்டத்தில் பெயரின்றி மாண்ட உழைப்பாளரைப் பாடினார். கல்லறைக் கல் மறுக்கப்பட்டோருக்கு அந்நூல் ஓரளவு அக்கல்லாக அமைந்தது. இவ்வெழுத்தாளர் இருவரும் சமயப் பிரசாரகர் அல்லர். எனினும் தீர்ப்புக் காட்சியின் அளவுகோலால் நோக்கின், 1869ஆம் ஆண்டுக் கும்மியினும் இவர்தம் எழுத்தே அவ்வேதநூலின் உள்ளத்துக்கு அணித்தாயிருக்கின்றது.

7

அரசியல் வரலாறு மேலும் கடுமையான சோதனையாக அமைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னைய பேச்சுக்கு விட்டது. இவர்களுள் ஞானஸ்நானம் பெற்றோரும் பல்லாயிரவர்.

இதற்கு அருகில் மற்றொரு நிகழ்ச்சியை வைத்துப் பார்ப்போம். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசு உதவிபெற்ற மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து நாட்கணக்காகக் காத்து நின்றனர். திருச்சபையால் மக்களைத் திரட்ட முடியும் என்பதை அது நாட்டுக்குக் காட்டியது. 1948இல் அத்தகைய எழுச்சி எதுவும் எழவில்லை. கட்டடங்கள் பறிபோகையில் எழுந்த குரல் மனிதரின் நாடு பறிபோகையில் எழவில்லை என்பது மலையகக் கிறிஸ்தவரின் நினைவிலிருந்து நீங்கத்தக்கதன்று.

எனினும் வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகி, 1982இல் மறையும் வரை அங்கு பணிபுரிந்தார். குருமாணவரை மக்கள் வாழ்விலிருந்து பிரிக்காது பயிற்றும் முயற்சியைப் பண்டாரவளையில் அவர் தொடங்கினார். யேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவினார். தோட்டத் தமிழரையும் அயற்கிராமச் சிங்களவரையும் ஒரே மேசையில் அமர்த்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1974இல், தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் மலிந்த காலத்தில், தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகம் உருவாயிற்று. அமல மரித் தியாகிகள் சபையின் திஸ்ஸ பாலசூரிய 1977இல் நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி எழுதிய நூலில், ஒரே அப்பத்தைப் பகிர்வோர் சமூகத்தில் எதையும் பகிராதிருப்பதன் முரண்பாட்டை ஆராய்ந்தார். பிறிதொரு நூலுக்காக அவர் 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, ஓராண்டின் பின் மீளவும் ஏற்கப்பட்டார். மெய்விசுவாசி யார் என்ற கேள்வி மீண்டும் எத்திசையில் எழுப்பப்பட்டது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அங்கிலிக்கன் சபையில் குருணாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க குறிப்பிடத்தக்கவர். 1983 ஜூலை வன்செயலின் பின்னர், தம் மறைமாவட்ட மன்றத்துக்கு ஆற்றிய உரையில், சிங்களக் கிறிஸ்தவர் என்ற வகையில் தம் வெட்கத்தை அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே, அக்டோபர் 23இல், காலமானார். இவர்கள் யாவரும் சிங்கள, பறங்கிப் பின்னணியினர் அல்லது நகர்சார் வகுப்பினர் என்பதும், தத்தம் சபைகளுக்குள் சிறுபான்மையினராகவே நின்றனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. இருப்பினும், தம் வகுப்பின் நலனுக்கும் இனத்தின் உணர்ச்சிக்கும் எதிராக நிற்கத் தம் விசுவாசத்தையே ஆதாரமாகக் கொண்ட மனிதர் இவர்கள். சமயம் அபின் மட்டுமே என்போர் இவர்களை எவ்வாறு விளக்குவர்?

8

இக்கேள்வி கடந்தகாலத்துக்கு உரியதன்று. தோட்டங்களின் நிருவாகம் 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்கு மாறியது. பழைய சபைகளின் ஆலயங்களுக்கு அருகிலேயே, கடந்த சில தசாப்தங்களாகச் சிறு ஜெபவீடுகளும் பெந்தகொஸ்தே சபைகளும் பெருகியுள்ளன. நோய் நீங்கவும், குடிப்பழக்கம் ஒழியவும், கடன் தீரவும் மக்கள் அங்கே கூடுகின்றனர். பழைய சபையினர் இவர்களை மேலோட்டமானோர் என்கின்றனர். இவர்கள் பழைய சபையினரைப் பெயரளவுக் கிறிஸ்தவர் என்கின்றனர். இருசாராரும் மற்றவரின் வயலிலேயே களையைத் தேடுகின்றனர். அவ்வேளையில் தேயிலை மலையில் கொழுந்தின் நிறையும் நாட்சம்பளமும் பற்றிய பிரச்சினை இருசாராரின் பிரசங்கங்களுக்கும் வெளியே நிற்கின்றது.

2004இல் மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஏழையின் விசுவாசம் மீண்டும் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்பட்டது. உயர் நீதிமன்றம் அதன் சில ஏற்பாடுகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனக் கண்டது. ஆயினும் அச்சட்டமூலத்தின் அடிப்படை எண்ணம் இன்றும் மறையவில்லை. பொருளுக்காக மனம் மாறக்கூடியவன் ஏழை. எனவே அவன் மனத்தை அரசு காக்க வேண்டும் என்பதே அவ்வெண்ணம். 1854இன் மிஷனும் 2004இன் சட்டமூலமும் ஒன்றுக்கொன்று பகை. ஆனால் தொழிலாளியின் உள்ளத்தைச் சந்தேகிப்பதில் இரண்டும் உடன்பட்டு நிற்கின்றன.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் இடம்பெற்றது. மூதாதையர் நடந்த வழியே பலரும் நடந்தனர். இதில் இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் முன்னின்று உழைத்தது. காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை என்னும் கோரிக்கைகள் அந்நடையில் ஒலித்தன. நடந்தோர் எச்சமயத்தவர் என்று எவரும் கணக்கெடுக்க வேண்டிய தேவை எழவில்லை. நடைபயணம் ஒன்றினால் நூற்றாண்டுக் கடன் தீர்ந்துவிடாது. எனினும் கேள்வியின் திசை மாறத் தொடங்கியதற்கு அதனை ஓர் அறிகுறியாகக் கொள்ளலாம்.

9

முடிவாக, நாம் சொல்லவந்ததைத் தொகுத்துரைப்போம். மெய்விசுவாசி, போலிவிசுவாசி என மனிதரைப் பிரிக்கும் அதிகாரம் எமக்கு இல்லை. கிறிஸ்தவ வேதநூலின்படி திருச்சபைக்கும் இல்லை. களைக்கும் கதிருக்கும் வேறுபாடு காணுதல் இளம்பயிரில் அரிது. புல்வெட்டுக்குச் செல்லும் எந்தத் தோட்டத் தொழிலாளியும் அறிந்த செய்தி அது. ஆனால் மனிதரைப் பிரிக்கக் கூடாது என்ற போதனை செயல்களை மதிப்பிடக் கூடாது என்று பொருள்படாது. அகுஸ்தீன் காலம் முதல் அவ்வுவமை அதிகாரத்தின் தவறுகளுக்குப் பொறுமை காட்டவும் எளியோரின் தவறுகளைத் தண்டிக்கவும் பயன்பட்டு வந்துள்ளது. அப்பயன்பாடே போலியானது.

மலையகத்தில் திருச்சபையின் விசுவாசத்தை அளக்க ஞானஸ்நானப் பதிவேடு வேண்டியதில்லை. ஆலயத்தின் உயரமும் வேண்டியதில்லை. கூலி குறைக்கப்பட்டபோது அது என்ன சொன்னது, நாடு மறுக்கப்பட்டபோது எங்கு நின்றது, 10 அடிக் காம்பிராவைக் கண்டு எவரைக் கடிந்துகொண்டது என்பனவே கேட்கப்படவேண்டியவை. இக்கேள்விகளுக்கு மௌனமாயிருந்த பக்கங்கள் அதன் வரலாற்றில் பல. பேசிய பக்கங்கள் சில. அச்சிலவற்றைப் பெருக்குவது கிறிஸ்தவரின் கடமை. அவற்றை உள்ளவாறு மதித்து, அவர்களுடன் கைகோத்து நிற்பது முற்போக்காளரின் கடமை. லயத்தில் வாழ்பவனை நோக்கி 'நீ ஏன் நம்புகின்றாய்?' என்று இனியும் கேட்பதற்கு இருசாராருக்கும் உரிமையில்லை. இத்தனைக்குப் பின்னரும் அவன் நம்புகின்றான் எனின், பதில் சொல்லவேண்டியவர்கள் மற்றையோரே.